காரணம்: மற்றவை

ஜூன் 16, திங்கள்

பொங்கலுக்கு மளிகைக் கடையில் கொடுத்த ஓசி டைரி இது. ஆறு மாதமாக அப்பா இதில் ஒரு வரிகூட எழுதவில்லை. முன்னால் இருக்கிற பஞ்சாங்கப் பக்கங்களை மட்டும் புரட்டிப் புரட்டி ஓரமெல்லாம் மஞ்சள் கறை ஆக்கிவிட்டார். இன்று முதல் இது என்னுடையது. வாயைத் திறந்தால் எதையாவது உளறிவிடுவேன் போலிருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

பெயர் கார்குழலி. பதினொன்றாம் வகுப்பு. ஊர் கோயம்புத்தூர், கணபதி. இன்றைய நிலவரப்படி எங்கள் வீட்டில் ஓடுகிற ஒரே கார் நான்தான். இன்னொன்று உறை போர்த்திக்கொண்டு வாசலில் படுத்திருக்கிறது.

ஆக, பள்ளிக்கு நடை. இரண்டே கால் கிலோமீட்டர் அருவருப்பு. முதல் திருப்பத்திலேயே நாய் வைத்த விருந்து, அதன்மேல் யாரோ ஒருவரின் செருப்புத் தடம். அந்தச் செருப்பு இப்போது எந்த வீட்டு வாசலில் கிடக்கிறதோ! அடுத்து, சுவர் முழுக்கப் பாக்குச் சாறு. 'இங்கே துப்பாதீர்' என்ற எழுத்துகளைக் குறி வைத்தே துப்பியிருக்கிறார்கள். 'துப்' வரைக்கும்தான் மிச்சம். நடைபாதை என்று பெயர் வைத்தவர் அதில் ஒருநாளும் நடந்திருக்க மாட்டார். பாதி கடை, மீதி தடை. நடை மட்டும் ரோட்டில்.

கடைசியாகப் பள்ளத்துப் பாலம். மழை பெய்தால் ஓடை, பெய்யாவிட்டால் சாக்கடை. மூக்கைப் பொத்தினால் நாற்றம் வாய் வழியாக வருகிறது. மென்றுதான் விழுங்க வேண்டும்.

நேற்று ஞாயிறு. நேற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 17, செவ்வாய்

அப்பா காலை ஐந்தரைக்கே கிளம்பிப் போய் எட்டு மணிக்குத் திரும்பினார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. "வாக்கிங்" என்றார். வாக்கிங் போகிறவர் யாராவது இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு போவாரா? அதுவும் தோளில் கயிறு அழுத்தினாற்போல ஒரு சிவப்புக் கோட்டோடு? நான் கேட்கவில்லை. இப்போதெல்லாம் நான் கேள்வி கேட்பதில்லை.

அம்மாதான் கேட்டாள். ஆனால் வேறு கேள்வி.

"ஏனுங்க, காரை இப்பிடியே போத்தி வெக்கறதா உத்தேசமா?"

"இருக்கட்டும் வசு. எனக்கு ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை நடுங்குது."

"அன்னிக்குப் போனைப் பாக்காம ரோட்டைப் பாத்திருந்தா நடுங்காது."

"போன் பாக்கலைன்னு எத்தனை தடவை சொல்றது? பல்லிடீ! மேல இருந்து தலையில வுழுந்துது, அப்பிடியே தொடைக்கு வந்துது. பதறி பிரேக்குன்னு நெனச்சு வேற எதையோ மிதிச்சுட்டேன்."

"காருக்குள்ள சீட்டைக் கழட்டி, மேட்டைத் தூக்கித் தேடியாச்சு. வாலு கூட இல்லை. பல்லி என்ன கதவைத் திறந்துட்டுப் போச்சா?"

அப்பா என் பக்கம் திரும்பினார். "நீ பின்னாடிதானே உக்காந்திருந்தே அம்முணி. ஒண்ணுமே பாக்கலையா?"

"இல்லப்பா" என்றேன். நேற்று முன்தினம் ஆஸ்பத்திரியில் கேட்டபோதும் இதையேதான் சொன்னேன். பின்சீட்டில் இருப்பவளுக்கு முன்சீட்டுப் பல்லி எப்படித் தெரியும்? நியாயமான பதில்தான்.

சரி, ஞாயிற்றுக்கிழமையை எழுதித் தொலைக்கிறேன். காலையில் சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, பட்டறைத் தெரு முனையில் எங்கள் கார் ஒரு சைக்கிளை இடித்தது. சைக்கிளில் டீ கேன் கட்டிப் பட்டறை பட்டறையாக டீ கொடுக்கிற ரங்கண்ணன் கீழே விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. நல்லவேளை, அவ்வளவுதான். போதுமா? போதும்.

ஜூன் 18, புதன்

என் சேட்டைப் பெட்டியைச் சரிபார்த்தேன். பிளாஸ்டிக் கரப்பான் இரண்டு, தேள் ஒன்று, பொய் வாந்தி ஒன்று, அரிப்புப் பொடி அரை டப்பா. பல்லி இல்லை. தேடவும் இல்லை.

ஜூன் 19, வியாழன்

பொருளியல் எஸ்தர் மிஸ் ஒரு புராஜெக்ட் கொடுத்திருக்கிறார். 'நகரவாசிகள் வாகனம் ஓட்டாமல் நடப்பதற்கும் சைக்கிளில் செல்வதற்கும் காரணம் என்ன?' இரண்டு பேருக்கு நாற்பது படிவம். ஒவ்வொன்றிலும் ஐந்து கட்டம்: உடல்நலம், சுற்றுச்சூழல், செலவு, நெரிசல், மற்றவை. மற்றவைக்குப் பக்கத்தில் ஒரு விரல் நீளத்துக்குக் கோடு.

"மிஸ், 'காரணம்'னாலே அதுல கார் இருக்குதே, எப்பிடி மிஸ் நடக்கறது?" என்றேன். வகுப்பு சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை. "கார்குழலி, உனக்கு நாற்பத்தஞ்சு படிவம்."

என் ஜோடி ஃபர்ஹானா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "உன்னோட வாயில பெவிகால் ஊத்தணும்டி."

ஊற்று தாயே. ரொம்ப நல்லது.

ஜூன் 21, சனி

சிக்னல் அருகே இரண்டு மணி நேரம். இருபத்தாறு படிவம். மனிதர்கள் மேல் இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விட்டது.

தொப்பியும் வெள்ளை ஷூவுமாக வந்த ஒருவர் "சுற்றுச்சூழல்! அடுத்த தலைமுறைக்கு நாம என்னத்தை விட்டுட்டுப் போறோம்?" என்று கால் மணி நேரம் வகுப்பெடுத்தார். முடிந்ததும் காலி தண்ணீர்ப் பாட்டிலை அடுத்த தலைமுறைக்காகச் சாக்கடையில் விட்டுவிட்டு, சந்துக்குள் நிறுத்தியிருந்த காரில் ஏறிப் போனார். த்தூ!

ஒரு அக்கா 'உடல்நல'த்தில் டிக் அடித்தார். கூட வந்த அவருடைய மகள் சத்தமாக, "பொய்யி. அப்பா கோவிச்சுட்டு ஸ்கூட்டி சாவியை ஒளிச்சு வெச்சுட்டாரு" என்றது. அக்கா அதன் காதைத் திருகிக்கொண்டே, "போட்ட டிக்கு போட்டதுதானுங்" என்றார்.

உண்மை சொன்னது ஒரே ஒருத்தி. சைக்கிளில் வந்த ஜவுளிக்கடை அக்கா. "பஸ்ஸுல கை வெக்கறானுக. ஷேர் ஆட்டோவுல காலு வெக்கறானுக. சைக்கிள்ல நான் வெச்சதுதான் கையி, நான் வெச்சதுதான் காலு. எதுல டிக்கு?" ஐந்தில் எதிலும் அடங்கவில்லை. கோட்டின் மேல் எழுதிக்கொண்டேன். இடம் போதாமல் பின்பக்கத்துக்கும் போனது.

"எல்லாரும் பொய் சொல்றாங்கடி, குமட்டுது" என்றேன்.

"ஒரு படிவத்துக்கு எதுக்குடி பொய் சொல்லோணும்? மார்க்கா போடப் போறோம்?" என்றாள் ஃபர்ஹானா.

எதற்கென்று எனக்குத் தெரியும். முதலில் ஒரு வார்த்தை வந்துவிடும். அப்புறம் அதை மாற்றினால் முதல் வார்த்தைக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பொதுவாகச் சொல்கிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

அப்பாவிடமும் ஒரு படிவம் நீட்டினேன். விளையாட்டுக்குத்தான். இப்போது அவரும் நடப்பவர்தானே.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வங்கி விண்ணப்பம் நிரப்புவதுபோலப் பெரிய எழுத்தில் பெயர் எழுதினார்: சிவகுருநாதன், வயது 48. கட்டங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். 'மற்றவை'யில் டிக் அடித்துக் கோட்டின்மேல் ஒரே ஒரு வார்த்தை எழுதினார்.

பயம்.

பிறகு இந்த டைரியை வாங்கி, பஞ்சாங்கப் பக்கத்தைத் திறந்து, 'பல்லி விழும் பலன்' அட்டவணையைக் காட்டினார். தலை: கலகம். தொடை: பிதாவுக்கு அரிஷ்டம், அதாவது அப்பாவுக்குக் கேடு.

"எங்கப்பா போயிப் பத்து வருசம் ஆச்சு. இந்த வீட்டுல மிச்சம் இருக்கற பிதா நான்தான். அது எனக்கு வந்த சேதி, அம்முணி. இன்னொருக்கா ஸ்டியரிங்கைப் புடிச்சா உசுரு போகும். எனக்குப் போனாப் பரவால்ல. வேற யாருக்காவது போயிட்டா?"

இருபத்தைந்து வருடமாக ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவர். சிக்னலில் யாரும் இல்லாவிட்டாலும் நிற்பவர். ஒரு அட்டவணையை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வர வேண்டும். முன்பெல்லாம் வரும்.

பின்னால் நான் எழுதியிருப்பதைப் படித்தாரோ? இல்லை. அப்பா பலன் பக்கத்தைத் தாண்டியதே இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

பள்ளி விட்டதும் மிச்சப் படிவங்களோடு பாலத்தருகே நின்றோம். ஃபர்ஹானா அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். ஒரு மாவுக்கட்டுக் கை தூரத்தில் வருவது தெரிந்தது. நான் படிவத்தை மடிப்பதற்குள் ஃபர்ஹானா அவரைக் கையைப் பிடிக்காத குறையாக அழைத்து வந்து என் முன்னால் நிறுத்திவிட்டாள்.

"அண்ணா, நீங்க ஏன் நடந்து போறீங்க?"

"சைக்கிள் நசுங்கிப் போச்சு கண்ணு. கையும் நசுங்கிப் போச்சு. காலு மட்டும்தான் மிச்சம். அதான் நடக்கறேன்." ரங்கண்ணன் சிரித்தார். முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. அது எனக்குத் தெரியாது. பல் பற்றி யாரும் சொல்லவில்லை.

என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. இடித்த இடத்தில் நான் காரை விட்டு இறங்கவே இல்லை, ஆஸ்பத்திரியிலும் வாசலோடு நின்றுவிட்டேன்.

"கார்க்காரன் ஓடிட்டானாண்ணா?" ஃபர்ஹானா விடவில்லை.

"அட, அந்த சாரு நல்ல மனுசனுங். ஆஸ்பத்திரியில கூடவே உக்காந்திருந்தாரு. டெய்லி காத்தால வந்து, எம் பொண்டாட்டி போட்டு வெக்கற டீ கேனைத் தோள்ல மாட்டிட்டு, பட்டறை பட்டறையா அவருதான் ஊத்திட்டு வர்றாரு. நைட் ஷிப்டு ஆளுகளுக்கு ஆறு மணி டீ நின்னா வாடிக்கை போயிருமுல்ல? சைக்கிள் வாங்கித் தர்றேன்னாரு. ஆனா அவரு அதுல ஏற மாட்டேங்கறாரு, சக்கரம்னாலே பயம்ங்கறாரு."

தோளில் சிவப்புக் கோடு. இஸ்திரிச் சட்டை. வாக்கிங்காம்!

"ஆனா ஒண்ணு" என்றார் ரங்கண்ணன். "தப்பு நடந்துது, ஒத்துக்கிட்டாரு, கூட நின்னாரு. அதோட உட்டிருக்கலாம். பல்லி வுழுந்துச்சுன்னு ஒரு பொய் சொல்றாரு பாரு, அதுதான் மனசுக்கு ஒட்டலை. அவ்வளவு பெரிய மனுசன் எதுக்குப் பொய் சொல்லோணும்?"

படிவத்தில் என்ன எழுதினேன் என்று நினைவில்லை. ஃபர்ஹானா பிறகு எடுத்துப் பார்த்து, "ஏண்டி ஒண்ணுமே எழுதலை?" என்றாள்.

ஜூன் 25, புதன்

அப்பாவுக்குப் பின்னாலேயே போனேன். ஐம்பதடி தள்ளி. ஒளிந்து போவதில் எனக்கு அனுபவம் உண்டு.

பத்து லிட்டர் கேன். வலது தோளில் மாட்டினால் உடம்பு இடது பக்கம் சாய்கிறது. நடைபாதையில் இடமில்லை. ரோட்டில் இறங்கினால் ஹாரன். ஒரு லாரி உரசுகிற மாதிரி வந்தபோது, அப்பா கேனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சாக்கடை விளிம்பில் ஒட்டி நின்றார். நாய் விருந்து, பாக்குச் சாறு, பள்ளத்து நாற்றம் எல்லாவற்றையும் தாண்டித்தான் போனார். ஒரு தடவைகூட மூக்கைப் பொத்தவில்லை. கை காலியாக இல்லை.

மூன்றாவது பட்டறையில் வாசல் பெஞ்சில் நாலைந்து பேர். கறுப்பு எண்ணெய்க் கைகள். அப்பாவைப் பார்த்ததும் ஒருவர் எழுந்து சலாம் வைத்தார். லேத் ஓட்டுகிற மாசிலாமணி, பெரிய மீசை.

"வாங்க பல்லி சார், வாங்க! இன்னிக்கு எங்க வுழுந்துச்சுங்? தலையிலயா, தொடையிலயா?"

பெஞ்சு குலுங்கியது.

"டேய், சாரு போன்ல வாட்ஸப்பு பாத்துட்டு இருந்திருப்பாரு. அதுல ஏதோ பல்லி படம் வந்திருக்கும்."

"டீயில வுழுந்துடப் போவுதுங் சார், பாத்து ஊத்துங்."

அப்பா ஒவ்வொரு டம்ளராக ஊற்றினார். "நெசமாத்தான் சொல்றனுங்" என்று ஒரே ஒருமுறை மெதுவாகச் சொன்னார். யார் காதிலும் விழவில்லை. விழுந்திருந்தாலும் சிரித்திருப்பார்கள். பொய் சொல்லத் தெரியாத ஒரு மனிதருக்கு ஊரில் பொய்யன் என்று பெயர்.

சேட்டைக்கும் கேவலத்துக்கும் நடுவே ஒரு கோடு உண்டு என்று நினைத்திருந்தேன். அதுவும் ஒரு விரல் நீளம்தான் போல.

ஜூன் 26, வியாழன்

எழுதிவிடுகிறேன். ரப்பர் பல்லி என் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது. அன்றைக்கு அப்பா இறங்கி ரங்கண்ணனைத் தூக்க ஓடிய நேரத்தில், முன்சீட்டுக்குக் கீழே கையை விட்டு எடுத்து வைத்துக்கொண்டது நான். சந்தையிலிருந்து கிளம்பும் முன் அதைக் கண்ணாடிக்கு மேலே இருக்கிற வெயில் தட்டியில் செருகி வைத்ததும் நான். கிழக்கே திரும்பியதும் அப்பா கண் கூசித் தட்டியை இறக்குவார் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்குப் பல்லி என்றால் குலை நடுங்கும் என்பதும் தெரியும். அதனால்தானே பல்லி.

இன்னொன்று. நான் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். பதினோரு விநாடி. இதுவரை அழிக்கவில்லை, பார்க்கவும் இல்லை. இன்று பார்த்தேன். அதில் முதலில் கேட்பது இடி இல்லை. என் சிரிப்பு.

சிரிப்பு, அப்புறம் சத்தம், அப்புறமும் ஒரு விநாடி சிரிப்பு.

சாப்பிட்டதை வாந்தி எடுத்தேன். நிஜ வாந்தி, என் பெட்டியில் இருக்கிற பொய் வாந்தி மாதிரி கொஞ்சம்கூட இல்லை.

ஜூன் 28, சனி

ஐந்தரைக்கு அப்பா செருப்பு மாட்டும்போது நானும் மாட்டினேன். "நீ எங்க?" என்றார். "வாக்கிங்" என்றேன். கேன் விஷயம் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். டம்ளர் கூடையை என்னிடம் கொடுத்தார்.

வழியிலேயே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். முதல் திருப்பத்தில் சொல்லலாம், பாலத்தில் சொல்லலாம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப்போட்டேன். இத்தனை வருடம் வாயாடிய வாய்க்கு நாலு வார்த்தை வரவில்லை. மூன்றாவது பட்டறை வந்துவிட்டது.

"ஓகோ! பல்லி சாரு இன்னிக்குக் குட்டிப் பல்லியையும் கூட்டிட்டு வந்திருக்காரு" என்றார் மாசிலாமணி.

வாய் செய்யாததைக் கை செய்தது. அதற்குத் தெரிந்தது அது ஒன்றுதான். டம்ளரை நீட்டுகிற சாக்கில் பல்லியை அவர் தலையில் போட்டேன். அது வழுக்கித் தொடையில் விழுந்தது.

"அய்யோ சாமீ!"

ஆறடி ஆள் பெஞ்சைக் கவிழ்த்துக்கொண்டு எழுந்தார். பக்கத்தில் இருந்த இருவர் மண்ணில் உருண்டார்கள். டம்ளர் எங்கோ பறந்து நொறுங்கியது. மாசிலாமணி பட்டறைக் கதவு வரைக்கும் போய், ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"உங்க கையில ஸ்டியரிங் இல்லைங்கண்ணா" என்றேன். "எங்கப்பா கையில இருந்துது. இதேதான் வுழுந்துது. வெச்சது நான். எங்கப்பா பொய் சொல்லலை."

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

அப்பா கேனைக் கீழே வைத்தார். குனிந்து, தரையில் கிடந்த பல்லியை எடுத்தார். தொட்டார்! என் அப்பா, பல்லியை! திருப்பிப் பார்த்தார். வயிற்றில் கம்பெனி முத்திரை இருந்தது. வாலைப் பிடித்து இழுத்தார், அது நீண்டு சுருங்கியது.

"எத்தனை நாளா உங்கிட்ட இருக்குது?"

"அன்னியிலிருந்தேப்பா."

"ஆஸ்பத்திரியில கேட்டேனே."

"ம்."

"வூட்லயும் கேட்டேனே."

"ம்."

அவர் அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும். பல்லியைச் சட்டைப் பையில், பேனாவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, "இன்னும் நாலு பட்டறை இருக்குது. டீ ஆறுது" என்றார்.

மாசிலாமணி வந்து கேனைத் தூக்கி அப்பாவின் தோளில் மாட்டிவிட்டார். "சார்..." என்றார். பிறகு போய்க் கவிழ்ந்த பெஞ்சை நிமிர்த்தினார்.

திரும்பும்போது அப்பா எனக்குப் பத்தடி முன்னால் நடந்தார். நான் வேகமாக நடந்தால் அவரும் வேகமாக நடந்தார்.

ஜூன் 29, ஞாயிறு

ரங்கண்ணன் வீடு. அப்பா வாசலில் நின்றுகொண்டு, "உள்ள போ. நீயே சொல்லு" என்றார். சொன்னேன். வீடியோவையும் காட்டினேன். சிரிப்போடு.

அவர் முழுதாகப் பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார். மாவுக்கட்டின் விளிம்பைச் சொறிந்தார்.

"போச்சாது போ கண்ணு, பரவால்லன்னு சொல்லோணும்னுதான் நெனைக்கறேன். வர மாட்டேங்குது" என்றார். பிறகு வாசல் பக்கம் பார்த்து, "சார், நீங்க பொய்யி சொல்றீங்கன்னு நெனச்சேன். தப்பா எடுத்துக்காதீங்" என்றார். அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கிறார்! கை முறிந்தவர்!

நான் எழுந்தபோது, "கட்டுப் பிரிக்க இன்னும் நாலு வாரம்" என்றார்.

"நான் ஊத்தறேண்ணா. டெய்லி."

"சர்க்கரை கம்மி ரெண்டாவது பட்டறைக்கு. மறந்துராதே."

ஜூலை 4, வெள்ளி

ஐந்தாவது நாள். தோளில் எனக்கும் சிவப்புக் கோடு. அப்பா டம்ளர் கூடையோடு கூட வருகிறார். காலையில் பேசி எழுப்புவதில்லை, கட்டில் காலை உதைக்கிறார். காரின் உறையை இன்னும் எடுக்கவில்லை. பலன் பக்கத்தை மட்டும் இந்த டைரியிலிருந்து கிழித்துவிட்டார்.

புராஜெக்ட் கொடுத்தாயிற்று. ஒரு படிவம் குறைந்ததால் கடைசியில் என்னுடையதையே நிரப்பினேன். கார்குழலி, வயது 16, நடை. காரணம்: மற்றவை. கோட்டின்மேல், 'அருவருப்பு.'

எஸ்தர் மிஸ் அதை வகுப்பில் எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். "எல்லாரும் உடல்நலம், சுற்றுச்சூழல்னு எழுதியிருக்கீங்க. இவ ஒருத்திதான் நம்ம ரோடு இருக்கற லட்சணத்தை நேர்மையா ஒரே வார்த்தையில சொல்லியிருக்கா." நேர்மை! பின்வரிசை கைதட்டியது. எல்லாம் தெரிந்த ஃபர்ஹானா மட்டும் தட்டவில்லை.

மிஸ் என்னிடம் வந்து, "இன்னும் கொஞ்சம் விளக்கியிருக்கலாமே? எது மேல அருவருப்புன்னு" என்றார்.

"கோட்டுல எடமில்லை மிஸ்" என்றேன்.